பெயரை மட்டும் சொல்லவில்லை

கம்பெனியை இழுத்து மூடிய அன்று முதலாளி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி விடைகொடுத்தார். சில்லறையாரிடம் வந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த கணக்கறையில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்த ஒரு கேள்வி போதும், நெஞ்சு வெடிக்க. ஆனால் அவர் "அக்கவுண்ட்ஸ் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதற்கு மேல் பேசத் தெரிந்திருந்தால் அவர் ஏன் மாடிப்படிக்குக் கீழே உட்காரப் போகிறார்?

சில்லறை என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். கணக்கு ஒரு காசு உதைத்தாலும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். "விடுங்க சார், அந்த ஒரு காசை நான் என் பாக்கெட்ல இருந்து போட்டுடறேன்" என்பார்கள். முறைப்பார். ஊரெல்லாம் "சுமார் ஐந்நூறு" என்கிற இடத்தில் அவர் நானூற்றுத் தொண்ணூற்றாறு என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளி "பஸ்சுக்கு எவ்வளவு ஆகும்?" என்று பேச்சுக்குக் கேட்டாலும் பைசா சுத்தமாகப் பதில் வரும். வயதுக்கு மரியாதையாக நாம் ஒரு 'ஆர்' சேர்த்துக்கொள்வோம்.

அந்த வயதில் யாரும் வேலைக்கு எடுப்பதாக இல்லை. தனியாகக் கணக்கெழுதிக் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னது அவர் மனைவி. கம்பெனி கொடுத்தனுப்பிய பணம் கரைந்துகொண்டிருந்தது. அது தீர்ந்தால் திறந்திருக்கிற கதவு ஒன்றே ஒன்றுதான், அவள் தம்பி வீடு. "மாடில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. அத்தான் நம்ம கடைல கல்லாவுக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கட்டும்" என்று தம்பிக்காரன் முன்பே சொல்லிவிட்டான். வார்த்தை தேன்தான். ஆனால் அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டால் ஒன்பது வேளைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? "அங்க போறதுக்கு நான் ரோட்ல நிப்பேன்" என்றாள். ஆகவே வாடகை கொடுக்கிற அளவுக்கு வாடிக்கை பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மைத்துனன் வீட்டு மாடி. சங்கதி இவ்வளவுதான்.

முதல் வாடிக்கை தானாக வந்தது. அடுத்த தெருவில் லாண்டரி வைத்திருந்த அம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவன் எங்கேயோ இருந்தான், இல்லாத மாதிரி. கையெல்லாம் நீராவி பட்ட தழும்பு. கடை சின்னதுதான், ஆனால் இரண்டு பெரிய வாஷிங் மெஷின்களைத் தவணைக்கு எடுத்துப் போட்டு ராப்பகலாக ஓட்டிக்கொண்டிருந்தாள். சில்லறையார் பில்களைக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்தபடி கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே என்றைக்கோ செத்துப்போன அவளுடைய பழைய மெஷின் ஒன்று நின்றது. அதன் மூடியைத் திறந்தாள். உள்ளே உறைகள். கரண்ட் பில், தண்ணீர் பில், சோப்புக் கடைப் பாக்கி, வரி ஆபீஸ் நோட்டீஸ் என்று ஒன்றைக்கூடப் பிரிக்காமல் துணி மாதிரி அமுக்கி வைத்திருந்தாள்.

"பிரிச்சாத்தானே அண்ணா பயம். வந்தவுடனே இதுல போட்டு மூடிடுவேன்" என்றாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணு. இது வெளில யாருக்கும் தெரியக் கூடாது. கடன்காரங்க ஒருத்தன் பேச்சை ஒருத்தன் கேட்டுக்கிட்டு வந்து நின்னா அன்னிக்கே நான் காலி."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதும்மா" என்றார் சில்லறையார். பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவருக்கு நன்றாகத் தெரிந்த வித்தை, ஆகவே மனமாரச் சொன்னார்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லா உறைகளையும் பிரித்தார், அடுக்கினார், கூட்டினார். நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று. கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால் சில்லறையாருக்கு அது பெரிய வியாதியாகத் தெரியவில்லை. மெஷின் தவணையை மட்டும் அவள் ஒரு நாள் பிசகாமல் கட்டிவந்தாள். மெஷின் இருந்தால்தானே கடை? மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் மூச்சு விடலாம். அவரே உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினார். நல்ல திட்டம். அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தத் திட்டம் பலித்திருக்கும்.

அவள் கொடுக்கக் கூடிய சம்பளமோ கைச்செலவுக்குக் காணும். மேலும் நாலு இடம் ஏற வேண்டும். ஏறினார்.

பல் டாக்டரிடம் போனார். வீங்கிய கன்னங்களுக்கு நடுவே காத்திருந்தார். உள்ளே கூப்பிட்ட டாக்டர், வேறு நாற்காலி இல்லாததால் நோயாளி நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்ததும் அது பின்னால் சாய்ந்துவிட்டது. தலைக்கு மேல் இருந்த விளக்கைப் பார்த்தபடியே சில்லறையார் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

"சரி, உங்களால எனக்கு என்ன பிரயோஜனம்?"

"கணக்கெழுதுவேன் சார்."

"அது தெரியுது. வேற?"

வேறு என்ன? விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பெடலை மிதித்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்து அனுப்பிவிட்டார்.

மரக்கடைக்காரர் ரம்பம் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே கேட்டார்: "மத்தவங்களைவிட நீங்க எந்த விதத்துல ஒசத்தி?" சில்லறையார் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒசத்தி ஒண்ணும் இல்ல சார். சரியா எழுதினா எல்லாருக்கும் ஒரே விடைதானே வரும்" என்றார். சத்தியமான வார்த்தை. சத்தியத்துக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்? அந்த லாண்டரிக்காரி கதை இருக்கே, மெஷினுக்குள்ள தபால் போட்ட கதை. அதை எனக்குச் சொன்னீங்களே, நான் எப்படிச் சிரிச்சேன்! அதைச் சொல்லுங்க."

ஆமாம், மனைவியிடம் சொல்லியிருந்தார். மனைவி வெளியாள் கணக்கில் வருவாளா? உலகத்தில் பாதி ரகசியங்கள் இந்த ஓட்டை வழியாகத்தான் ஒழுகுகின்றன.

"வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார்.

"பேரையா சொல்லச் சொல்றேன்? மாத்திச் சொல்லுங்க. பொம்பளைய ஆம்பளையா ஆக்கிடுங்க. லாண்டரி வேண்டாம், டெய்லர் கடைன்னு வைங்க. வாஷிங் மெஷினுக்குப் பதிலா இரும்புப் பொட்டி. யாருக்குத் தெரியப்போகுது?"

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அதைக் கவனிக்காமல் இருவருமாக உட்கார்ந்து அந்த லாண்டரிக்கு மாறுவேஷம் போட்டார்கள். டெய்லருக்கு ஒரு தொந்தி வைத்தாள் மனைவி. காதில் ஒரு பென்சில். சில்லறையாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆன புதிதில்கூட இருவரும் அப்படி உட்கார்ந்து சிரித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மாறுவேஷத்தில் ஒன்றை மட்டும் அவர் மாற்றவில்லை. தொகை. "கடன் ஒரு முப்பதாயிரம்னு சொல்லிக்கோங்களேன்" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். "அது எப்படி? முப்பது இல்லையே" என்றார். பெண்ணை ஆணாக்கலாம், மெஷினைப் பெட்டியாக்கலாம், நாற்பத்தொன்றை முப்பதாக்க நாக்கு எழவில்லை. வாழ்நாளில் தப்பான எண் ஒன்றை வாயால் சொன்னதில்லை அந்த மனிதர். அவளும் விட்டுவிட்டாள். எண்ணைக் கேட்டு யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அச்சகக்காரரிடம் கதை முதல் முறையாக எடுபட்டது. பென்சில் சொருகிய டெய்லர் பெட்டியைத் திறந்த இடத்தில் அச்சகக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எங்க மாமாவும் இப்படித்தாங்க, படுக்கைக்கு அடியில போட்டு வெச்சிருந்தார்" என்று அவர் கதையைச் சொன்னார். கடைசியில் சின்னதாக ஒரு வேலையும் கொடுத்தார். தான் பேசியதைக் கேட்டு ஒருவர் சிரித்தார் என்ற நினைப்பில் சில்லறையார் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவனுக்குக் கைதட்டல் கிடைத்தால் அது சாராயத்தைவிட மோசம்.

அச்சகக்காரர்தான் மோட்டார் முதலாளியிடம் அனுப்பினார். பெரிய கை. கீழே கடை, மேலே கண்ணாடி போட்ட அறை. தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, ஜெனரேட்டர் எல்லாம் விற்கிறவர். "அவர் ஒருத்தர் கிடைச்சாப் போதும், நீங்க வேற எங்கயும் அலைய வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார் அச்சகக்காரர். மனைவி சட்டையை லாண்டரியில் கொடுத்து இஸ்திரி போட்டு வாங்கிவந்தாள். லாண்டரியம்மாள் காசு வாங்கவில்லையாம். "அண்ணா நல்ல காரியமாப் போறார்" என்றாளாம்.

மோட்டார் முதலாளி பொறுமையாகக் கேட்கிறவர். பாதியில் குறுக்கிட மாட்டார், போனை எடுக்க மாட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார். சில்லறையாருக்குப் பேச்சு ஊறியது. தொந்தியை ஆட்டிக் காட்டினார், பென்சிலை எடுத்துக் காட்டினார்.

"பாவம். மொத்தம் எவ்வளவு கடன் இருக்கும் அந்த டெய்லருக்கு? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"நாப்பத்தோராயிரத்து எண்ணூத்தி அறுபத்து மூணு சார்."

"அடேயப்பா! அப்புறம் எப்படிக் கடை நடக்குது?"

"மெஷின் இருக்கே சார். தவணைக்கு எடுத்தது. அதை மட்டும் மாசாமாசம் டாண்ணு கட்டிடுவார். ஆயிரத்து இருநூத்திப் பதினேழு. அதைக் கட்டறதுக்காகத்தான் மத்த எல்லாருக்கும் கையை விரிக்கிறார்."

முதலாளியின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கண் அதை விட்டுப் போய்விட்டது. "பதினேழா?" என்றார்.

"பதினேழு சார். ஆயிரத்து இருநூத்தம்பதுல ஆரம்பிச்சுக் கடைசிவரைக்கும் பேரம் பேசியிருக்கார். அதுல கெட்டி."

"ம். கெட்டிதான்" என்றார் அவர். பிறகு எழுந்து நின்று கைகொடுத்து, நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில்லறையார் அன்றைக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாடிக்கை விழுந்தது என்றே இருவரும் நினைத்தார்கள். தம்பி வீட்டு மாடி அறைக்கு அன்றே தலைமுழுகிவிட்டாள் மனைவி.

மோட்டார் முதலாளிக்கு இன்னொரு வியாபாரம் இருந்தது. சலவை மெஷின்களைத் தவணைக்கு விடுவது. அது அவர் மச்சினி பெயரில் வேறொரு கம்பெனியாக ஓடியது. லாண்டரியின் கணக்கில் சில்லறையார் மாதந்தோறும் எழுதியது அந்தக் கம்பெனியின் பெயரைத்தான். பெயரில் மோட்டாரும் இல்லை, முதலாளியும் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் முதலாளிக்கோ ஊரெல்லாம் உள்ள சலவைக் கடைகளில் ஒரே ஒருத்திதான் ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு கட்டுகிறவள். மற்றவர்கள் எல்லாரும் ஆயிரத்து இருநூற்றைம்பது. அவள் பேசிய பேரத்துக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டியவர் அவரேதான்.

வழக்கமாகப் போகிற நாளில் சில்லறையார் லாண்டரிக்குப் போனார். வாசலில் லாரி நின்றது. இரண்டு ஆட்கள் பலகை போட்டு ஒரு மெஷினைக் கடைப்படியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் மெஷின் ஏற்கெனவே லாரிமேல் ஏறிவிட்டது. உள்ளே குழாய்களைப் பிடுங்கிய இடத்தில் தண்ணீர் கசிந்து தரையெல்லாம் சோப்பு நுரை. அதற்கு நடுவே, வாடிக்கைக்காரர்களின் அழுக்குத் துணிமூட்டை ஒன்றின்மேல் லாண்டரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"என்னம்மா இது?"

"அவனே நேர்ல வந்தான் அண்ணா. தவணை பாக்கி இருக்கான்னு கேட்டேன். இல்லம்மா, நீ ஒழுங்காத்தான் கட்டறே, ஆனா ஊரெல்லாம் கடன் வெச்சிருக்கியே, நாளைக்கு எவனாவது வந்து கடைக்குப் பூட்டுப் போட்டா என் மெஷினும் உள்ள மாட்டிக்கும், அதனால முன்கூட்டியே எடுத்துக்கறேன்னான். ஒப்பந்தத்துல அப்படி ஒரு வரி இருக்காம். நான் எங்க படிச்சேன்?"

சில்லறையாருக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. "யாரு வந்தது?" என்றார். அவள் சொன்னாள். மோட்டார் கடை வைத்திருக்கிறவர், மேல்மாடியில் கண்ணாடி அறை. அவர் தொந்தியை ஆட்டிக் காட்டிய அதே அறை.

"கடன் எவ்வளவுன்னு சொன்னான் தெரியுமாண்ணா? நாப்பத்தோராயிரத்து எண்ணூத்தி அறுபத்து மூணு." அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். "எனக்கே அது வாய்ல வராது. நீங்க கூட்டிச் சொன்னப்போ நாப்பதுக்கு மேலன்னு மனசுல வெச்சுக்கிட்டேன். அவ்வளவுதான். அவன் அந்தக் கடைசி மூணு வரைக்கும் சொல்றான்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நுணல் மட்டுமாக இருந்தால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். இங்கே வாயைத் திறந்தது ஒருவர், வயிற்றில் அடிபட்டது இன்னொருத்தி.

"நான் பேரைச் சொல்லலம்மா" என்றார் சில்லறையார். "டெய்லர் கடைன்னுதான் சொன்னேன். ஆம்பளைன்னு சொன்னேன். சத்தியமா பேரைச் சொல்லல."

"பேரைச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லண்ணா" என்றாள் அவள். "பேருக்கு என்ன, போர்டுல எழுதியிருக்கு."

லாரி கிளம்பியது. இரண்டு மெஷினும் போனபிறகு கடை பெரிதாகத் தெரிந்தது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது. காறித் துப்பினால்கூடப் பரவாயில்லை. அவள் மூட்டையைவிட்டு எழுந்தாள்.

"இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க. நனையுது. ஜனங்க துணி, இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துடணும்."

தள்ளி வைத்தார். பிறகு அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீரை வாரி வெளியே தள்ள ஆரம்பித்தாள்.

அங்கிருந்து நேராக மோட்டார் கடைக்குப் போனார். வழியெல்லாம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று மனசுக்குள் பேசிப்பார்த்துக்கொண்டே போனார். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் பாதி மறந்துவிட்டது.

"அந்தம்மா ஒரு வருஷத்துல எழுந்து நின்னிருப்பாங்க சார். நான் திட்டம் போட்டுக் குடுத்திருந்தேன்."

"நின்னிருக்கலாம்" என்றார் முதலாளி. கோபமே இல்லை. "நிக்காமலும் போயிருக்கலாம். நீங்க கணக்குக்காரர். என் இடத்துல இருந்து பார்த்துச் சொல்லுங்க, நான் செஞ்சதுல எங்க தப்பு?"

சில்லறையார் யோசித்தார். இதுதான் அவருடைய சாபம். அந்த இடத்தில்கூட யோசித்தார். அவர் கண்ணுக்குக் கணக்கில் தப்பு எதுவும் தெரியவில்லை.

"உக்காருங்க. நானே கூப்பிடலாம்னு இருந்தேன்" என்று முதலாளி டீ வரவழைத்தார். "என் மெஷின் ஓடற கடை நிறைய இருக்கு. முக்கால்வாசிப் பேருக்குக் கணக்குன்னா ஆகாது, உங்க டெய்லர் மாதிரிதான். நான் ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் உங்களைக் கூப்பிடுவாங்க. சம்பளம் அவங்க குடுக்கட்டும். அதுக்கு மேல நானும் ஒண்ணு குடுக்கறேன். மாசம் ஒரு தடவை இங்க வாங்க, டீ குடிப்போம், கதை சொல்லுங்க. நீங்க நல்லாச் சொல்றீங்க."

டீயை சில்லறையார் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பேர் வேண்டாம்" என்றார் முதலாளி. "நான் பேரே கேக்க மாட்டேன்."

டீயைக் குடித்தாரா, தலையை ஆட்டினாரா என்றெல்லாம் பிறகு அவருக்கு ஞாபகம் இல்லை. முடியாது என்று சொல்லவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

வீட்டில் மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தது. லாண்டரிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. "டெய்லர் கடைன்னு மாத்தச் சொன்னது நான்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சில்லறையார் முதலாளி சொன்னதைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாங்க. அந்தக் காசு வேண்டாம். தம்பி வீட்டுக்கே போயிடலாம்."

"நீதானே ரோட்ல நிப்பேன்னே."

"சொன்னேன். இப்ப சொல்றேன், போலாம். சொல்லிக்காட்டினாச் சொல்லிக்காட்டட்டும். நமக்கு ரெண்டு காது இருக்கு, இதுல வாங்கி அதுல விட்டுடலாம். நாலு பேர் வயித்துல அடிச்சுட்டு இங்க உக்காந்து என்னத்தைத் தின்னப் போறோம்?"

அவளுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவருக்குத் தெரியும். தம்பி மனைவியின் வாய்க்குப் பயந்து கல்யாணம் காட்சிக்குக்கூட ஒதுங்கி நின்றவள். "ம்" என்றார். அந்த 'ம்'மை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டுப் பேசினாள். அவன் என்ன சொன்னானோ, போனை வைத்தபின் வெகுநேரம் முகம் கழுவினாள். மறுநாள் கடைத்தெருவில் அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கிவந்தாள்.

சில்லறையார் அச்சகக்காரர் வேலையை முடித்துக் கொடுத்தார். அடுத்த வேலை எப்போது என்று கேட்டதற்கு அவர் மழுப்பினார். மரக்கடைக்கு மறுபடி போய்ப் பார்த்தார். பல் டாக்டர் வாசல்வரை போய்த் திரும்பினார். லாண்டரி இருந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார். லாண்டரியம்மாள் யாரோ ஒருவர் வீட்டில் துணி துவைக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டார். மைத்துனன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில், "இவர்தான் எங்க அத்தான், வேலை போயிடுச்சு" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டப்படுவதை நினைத்துப் பார்த்தார். தப்பு செய்தவனுக்கு அவமானம் வரத்தான் செய்யும், பட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அவர் தன்னை அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. கணக்கறையில் அத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் கிடந்தவனுக்கு, இனி ஒரு மாடி அறையில் எல்லாருக்கும் தெரியும்படி கிடக்க வேண்டுமா என்றுதான் ஓடியது.

மனைவி சமையல் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புது நம்பர். இளம்பெண் குரல், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.

"சார், கணக்கெழுதறவர்தானே? மோட்டார் கடை சார் உங்க நம்பர் குடுத்தார். ரொம்ப நம்பிக்கையானவர்னு சொன்னார். நானும் எங்க அக்காவும் சேர்ந்து புதுசா சலவைக் கடை போட்டிருக்கோம் சார். எங்க ரெண்டு பேருக்குமே கணக்கு வராது. உங்களால வர முடியுமா?"

சில்லறையார் மனைவியைப் பார்த்தார். அவள் கையில் சுற்றிய பாத்திரத்தோடு அப்படியே இருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதை முன்பே சொல்லிவிட்டாள். அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றார்.

"வரேம்மா. நாளைக்கே வரேன்" என்றார். பேனாவை எடுத்தார். "மெஷின் தவணை மாசம் எவ்வளவு கட்டறீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ உத்தேசமாக ஒரு தொகை வந்தது.

"சுமாரா வேண்டாம்மா" என்றார் சில்லறையார். "சரியாச் சொல்லுங்க."

மனைவி பெட்டிக்குள் கையைவிட்டு அவருடைய தட்டையும் டம்ளரையும் தேடி எடுத்தாள். இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, பெட்டியை மூடிக் கயிறு போட்டுக் கட்டினாள்.